மனம் ஒடிந்த நாட்களில் ஜெபத்தைத் தொடங்குவது எப்படி? கிறிஸ்தவ விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

விரக்தியின் நடுவே கிறிஸ்தவ விசுவாசத்தின் பக்கம் முதன்முறையாகத் திரும்பிப் பார்க்கும் ஒருவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பவை ஆறுதல் வசனங்கள்தாம். கவலைப்படாதிருங்கள், எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், விசுவாசித்தால் ஆகாதது ஒன்றுமில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படும். சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரவெல்லாம் தூக்கமின்றிப் புரண்டுகொண்டிருந்த ஒருவர் அவற்றைக் கேட்கும்போது, ஏற்கெனவே சுமக்கிற துக்கத்தோடு, சந்தோஷப்பட முடியவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

அப்படிப்பட்டவர்களிடம் வேதாகமம் எடுத்த எடுப்பில் சந்தோஷத்தைக் கேட்பதில்லை. பழைய ஏற்பாட்டில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமாக இருக்கின்றன. இவை யாரோ ஒருவர் மறைவில் எழுதி வைத்த குறிப்புகள் அல்ல. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாடுவதற்கென்று தொகுக்கப்பட்டவை. தேவனைப் பார்த்து "ஏன்?" என்றும் "எதுவரைக்கும்?" என்றும் கேட்பதை ஆராதனையின் ஒரு பகுதியாகவே இந்த விசுவாசம் வைத்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். முறையிடத் தெரிந்தவருக்குத்தான் நம்பிக்கை ஒட்டிக்கொள்ளும். துக்கத்தை மூடி மறைத்துக்கொண்டு வருகிறவருக்கு அது சொல்லளவிலேயே நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு வந்துகொண்டிருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே ஒரு மனிதரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவரிடமோ நண்பரிடமோ மருத்துவரிடமோ, உங்கள் நாட்டில் இதற்கென்று இயங்கும் உதவி எண்ணிலோ, "எனக்கு வாழப் பிடிக்கவில்லை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லிவிடுங்கள். ஆபத்து நெருங்கிவிட்டதாகத் தோன்றினால் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அல்லது அழைத்துச் செல்லும்படி கேளுங்கள்.

இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. மோசே தாங்க முடியாத சுமையின் கீழ் தன்னைக் கொன்றுபோடும்படி தேவனிடமே கேட்டார் (எண்ணாகமம் 11). யோபு தான் பிறந்த நாளைச் சபித்தார் (யோபு 3). யோனாவும் சாவதே நலம் என்றார் (யோனா 4). வேதாகமம் இந்த வார்த்தைகளை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. இப்படிக் கேட்ட ஒருவரையும் தேவன் தள்ளிவிட்டதாக அது சொல்லவில்லை. கேட்ட மரணத்தையும் அவர் கொடுக்கவில்லை. மூவரோடும் தொடர்ந்து பேசினார்.

முதல் படி: உடலைக் கவனியுங்கள்

எலியா தீர்க்கதரிசியின் வரலாறு 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அவர் பெரும் வெற்றி பெற்றவர். அடுத்த சில நாட்களுக்குள் உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்குள் ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அதன்பின் நடப்பதை நிதானமாகக் கவனியுங்கள். அவர் தூங்கிவிடுகிறார். ஒரு தூதன் அவரைத் தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுக் குடித்துவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் அதற்காகக் கடிந்துகொள்வதில்லை. இரண்டாம் முறையும் தொட்டு எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான்.

தேவன் எலியாவிடம் பேசுவது இதற்கெல்லாம் பிறகுதான். ஒரேப் மலைக்குப் போய்ச் சேரும்வரை விளக்கமும் இல்லை, உபதேசமும் இல்லை. தூக்கம், உணவு, தண்ணீர், மீண்டும் தூக்கம், மீண்டும் உணவு. மலையில் பேசும்போதும் தேவனுடைய முதல் வார்த்தை ஒரு கேள்வியாகவே வருகிறது: இங்கே உனக்கு என்ன காரியம் என்று கேட்டு, எலியா தன் மனக்குறை முழுவதையும் சொல்லி முடிக்க விடுகிறார். அதே கேள்வியை இரண்டாம் முறையும் கேட்டு, அதே பதிலை இரண்டாம் முறையும் பொறுமையோடு கேட்டுக்கொள்கிறார்.

ஆகவே உங்கள் முதல் ஆவிக்குரிய காரியம் ஒரு வேளை உணவாகவோ, சரியான நேரத்தில் படுக்கைக்குப் போவதாகவோ இருக்கலாம். பல நாட்களாகத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோயாகவும் இருக்கக்கூடும். நோய்க்கு மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது. ஆதிச்சபையின் அப்போஸ்தலரான பவுலின் உடன் ஊழியர் லூக்கா மருத்துவர் (கொலோசெயர் 4:14). வயிற்றுக் கோளாறுக்காகத் தன் இளைய ஊழியரான தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்னதும் அந்தக் காலத்து வைத்தியம்தான் (1 தீமோத்தேயு 5:23). ஜெபிக்கிறேன், அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று யாராவது உங்களிடம் பெருமையாகச் சொன்னால், அதைப் பின்பற்ற வேண்டாம். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

இரண்டாம் படி: பதின்மூன்றாம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள்

ஜெபம் என்றாலே அழகான வார்த்தைகள் வேண்டும் என்ற எண்ணம் புதியவர்களைத் தடுத்து நிறுத்துகிறது. வார்த்தைகளை நீங்கள் உண்டாக்க வேண்டியதில்லை, கடன் வாங்கிக்கொள்ளலாம். தொடங்குவதற்கு 13-ஆம் சங்கீதத்தையே நான் பரிந்துரைக்கிறேன். ஆறே வசனங்கள். மிகவும் களைத்துப்போன நாளிலும் வாசித்துவிட முடியும்.

கத்தோலிக்கர் பயன்படுத்தும் வேதாகமத்தில் இந்தப் புத்தகத்துக்குத் திருப்பாடல்கள் என்று பெயர். சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாகத் தெரிந்தால், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் எண் ஒன்றுதான். முடிந்தால் தனியாக இருந்து, வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசிக்கும்போது மனம் சீக்கிரம் நழுவிப்போகும்; சொந்தக் குரலைக் காது கேட்கும்போது சற்று நிற்கும்.

முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று தொடங்குகிறது. முதல் குறை தேவன்மேல். நீர் என்னை மறந்துவிட்டீர். அடுத்த குறை தன் உள்ளத்தைப் பற்றியது. நாள்தோறும் சஞ்சலத்தோடு எனக்குள்ளேயே யோசித்து யோசித்து ஓய்ந்துபோகிறேன். கடைசிக் குறை வெளியே இருக்கும் சத்துருவைப் பற்றியது. விரக்தியில் இருக்கிறவருக்கு இந்த மூன்றும் தெரியும்: மேலே மௌனம், உள்ளே ஓயாத சிந்தனை, வெளியே தன்னை மிதிக்கிற ஏதோ ஒன்று. சங்கீதக்காரர் மூன்றையும் கலக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்.

மூன்றாம் நான்காம் வசனங்களில் கேள்வி வேண்டுதலாக மாறுகிறது. நோக்கிப்பாரும், எனக்குச் செவிகொடும், மரணநித்திரை அடையாதபடிக்கு என் கண்களைத் தெளிவாக்கும் என்கிறார். அவர் கேட்பது மிகவும் அடிப்படையானவை: என்னைப் பாரும், பதில் சொல்லும், நான் செத்துப்போகாமல் காத்துக்கொள்ளும்.

பிறகு ஐந்தாம் வசனத்தில் ஒரு திருப்பம் வருகிறது: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சங்கீதம் சொல்வதில்லை. சூழ்நிலை மாறியதாக ஒரு குறிப்பும் இல்லை. சத்துரு அப்படியே இருக்கிறான். மாறியிருப்பது ஒன்றுதான்: தனக்குள்ளேயே ஆலோசனை பண்ணிக்கொண்டிருந்தவர் இப்போது இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். கிறிஸ்தவ நம்பிக்கையின் கரு இங்கே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அது மனநிலையைப் பற்றியது என்பதைவிட யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பற்றியது. "நீர் என்னை மறந்துவிட்டீர்" என்று ஒருவர் தேவனிடமே சொல்லும்போது, கேட்க அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஐந்தாம் ஆறாம் வசனங்களை உங்களால் மனதாரச் சொல்ல முடியவில்லை என்றால் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த நாள் மறுபடியும் முதலிலிருந்து வாசியுங்கள். கடைசி இரண்டு வசனங்களும் உங்களுக்காகக் காத்திருக்கும்; அவற்றை அவசரப்பட்டுப் பொய்யாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் படி: உங்கள் சொந்த முறையீட்டை எழுதுங்கள்

சில நாட்கள் அந்தச் சங்கீதத்தோடு பழகிய பிறகு, அதே வரிசையில் உங்கள் வார்த்தைகளை எழுதிப் பாருங்கள். தேவனை விளித்தல், குறையைச் சொல்லுதல், வேண்டியதைக் கேட்டல், முடிந்தால் மட்டும் நம்பிக்கையை அறிக்கையிடல் என்ற நான்கே பகுதிகள். தாளிலோ கைபேசியிலோ எழுதலாம். வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் நடையைத் திருத்த வேண்டாம்.

வேலை போய், வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் ஒருவர் இப்படி எழுதக்கூடும்: "ஆண்டவரே, நீர் இருக்கிறீரா என்றுகூட எனக்கு உறுதியில்லை. இருந்தால் கேளும். காலையில் வேலைக்குப் போவதுபோலக் கிளம்பிப் போய் மாலைவரை வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அடுத்தவனெல்லாம் நன்றாக இருக்கும்போது என்னை மட்டும் ஏன் விட்டீர்? இன்றைக்கு என் மனைவியிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடும். ஒரு வழியையாவது காட்டும்." இதில் பக்தி நிறைந்த சொல் ஒன்றுமில்லை. நான்காம் பகுதியும் இல்லை. ஆனாலும் இது முழுமையான ஜெபம். இதிலுள்ள வேண்டுதலைக் கவனியுங்கள்: வாழ்க்கை முழுவதையும் மாற்றும்படி கேட்பதற்கு முன்னால், இன்று செய்ய வேண்டிய ஒரு காரியத்துக்கு அவர் பலம் கேட்கிறார். விரக்தியில் இருக்கும்போது இப்படிக் குறுகிய கால அளவில் கேட்பது நல்லது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் அன்றன்றைய ஆகாரம்தான் கேட்கப்படுகிறது.

கோபம் வந்தால் கோபத்தையும் எழுதுங்கள். இப்படிப் பேசினால் தண்டனை வருமோ என்று பயப்படுகிறவர்கள் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைப் பார்க்கலாம். தேவனுக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டு யோபுவைக் குற்றப்படுத்திய நண்பர்களைத்தான் தேவன் கடிந்துகொள்கிறார். தேவனோடு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினார் என்கிறார் (யோபு 42:7).

எழுதியதற்குத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பார்க்கும்போது எந்த வேண்டுதல் மாறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று தெரியவரும்.

நான்காம் படி: எதை வாசிப்பது, எதைத் தள்ளிவைப்பது

வேதாகமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட வசனத்தைத் தேவனுடைய பதிலாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். மனம் பலவீனமாக இருக்கும்போது, கடிந்துகொள்ளும் வசனம் ஒன்று கண்ணில் பட்டால் அது உங்களுக்கான தீர்ப்பைப் போல ஒலிக்கும். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

மாற்கு எழுதின சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் இதுவே சிறியது, 16 அதிகாரங்கள். நாளுக்கு அரை அதிகாரம் போதும். வாசிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒடிந்துபோன மனிதர்களை இயேசு எப்படி நடத்துகிறார்? பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கினால் துன்பப்பட்ட பெண்ணை ஐந்தாம் அதிகாரத்தில் சந்திப்பீர்கள். வைத்தியர் பலரிடம் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டுக் கூட்டத்தின் பின்னால் வந்து அவருடைய ஆடையைத் தொட்ட அவளை, அவர் நின்று, தேடி, மகளே என்று அழைக்கிறார். ஒன்பதாம் அதிகாரத்தில், பிள்ளையின் நோயால் நொந்துபோன ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். பாதி விசுவாசத்தோடு வந்தவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. பதினான்காம் அதிகாரத்தில் இயேசுவே, தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சீஷர்களிடம் சொல்கிறார். பதினைந்தாம் அதிகாரத்தில் சிலுவையிலிருந்து, "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கூப்பிடுகிறார். அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. நீங்கள் இரண்டாம் படியில் செய்ததையே அவரும் செய்கிறார்: வேதனையின் உச்சத்தில் ஒரு புலம்பல் சங்கீதத்தை எடுத்து ஜெபிக்கிறார்.

வாக்குத்தத்த வசனங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எரேமியா 29:11 உங்களுக்கு அட்டைகளிலும் படங்களிலும் கண்டிப்பாக வந்து சேரும். தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிற வசனம். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் பகுதி. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்று காலம் குறிக்கிறது. அதற்கும் முன்னால், அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று எழுதியிருக்கிறது. கடிதத்தைப் பெற்ற பெரியவர்களில் பலர் திரும்பிப் போகும் நாளைக் கண்டிருக்க மாட்டார்கள். வாக்கு உண்மையானது, ஆனால் அது அடுத்த வாரத்துக்கான வாக்கு அல்ல. தனி வசனமாகப் பிடித்துக்கொண்டு, நாள் கடந்ததும் ஏமாந்துபோவதைவிட, முழு அதிகாரத்தையும் வாசித்துவிட்டு அந்த வசனத்துக்கு வருவது உங்களை அதிக நாள் தாங்கும்.

புலம்பல் என்ற புத்தகமும் அப்படியே. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற புகழ்பெற்ற வரிகள் ஐந்து அதிகாரங்கள் கொண்ட அந்தப் புத்தகத்தின் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னும் இரண்டு அதிகாரங்களுக்கு மேல் அழுகை தொடர்கிறது. அழிந்த நகரத்தின் நடுவே ஒருவர் நம்பிக்கையைக் கண்டடைந்து சொன்ன பிறகும் அழுகிறார் என்றால், ஒரு நல்ல காலைக்குப் பிறகு உங்களுக்கு மறுபடியும் இருண்ட மாலை வருவதைத் தோல்வியாக எண்ணத் தேவையில்லை.

ஐந்தாம் படி: எதை நம்புகிறோம் என்று தெளிந்துகொள்ளுங்கள்

எதை நம்பலாம், எதை இந்த விசுவாசம் வாக்களிக்கவில்லை என்று தெரியாமல் இருப்பதே பலரைப் பிற்பாடு உடைத்துவிடுகிறது. இழந்த பணம் திரும்பும், நோய் கண்டிப்பாக நீங்கும், பிரிந்தவர் வருவார் என்று சுவிசேஷம் எல்லாருக்கும் உறுதி தருவதில்லை. இவற்றுக்காகக் கேட்கலாம், கேட்க வேண்டும், கிடைத்தவர்களும் உண்டு. ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம் வேறொன்று: சிலுவையில் கொல்லப்பட்ட இயேசுவைத் தேவன் மரித்தோரிலிருந்து எழுப்பினார், அவரைச் சேர்ந்தவர்களையும் எழுப்புவார், அதுவரை அவர்களை விட்டு விலகமாட்டார் என்பது. பவுல் ஏறக்குறைய கி.பி. 55-இல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களைப் பட்டியலிடுகிறார்; அவர்களில் பெரும்பாலோர் அப்போது உயிரோடிருந்தார்கள் என்கிறார்; கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்றும் எழுதுகிறார். அந்த அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். உடனே நம்ப முடியாவிட்டால், நம்ப முடியவில்லை என்பதையும் உங்கள் முறையீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு அடுத்து லூக்கா 24-ஆம் அதிகாரத்தை எடுங்கள். இயேசு இறந்த மூன்றாம் நாளில் இரண்டு பேர் எம்மாவு என்ற கிராமத்துக்கு நடந்து போகிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவே வழியில் சேர்ந்துகொள்கிறார். அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் உடனே தம்மைக் காட்டிக்கொள்ளாமல், எதைப் பற்றித் துக்கத்தோடு பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்" என்கிறார்கள் அவர்கள். நம்பியிருந்தோம், இப்போது இல்லை. அதைச் சொல்லும்போது அவர்கள் யாருக்காக ஏங்கினார்களோ அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கிறார். உணர முடியாத ஒன்று இல்லாத ஒன்றாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பகுதியை நான் அறியேன்.

ஆறாம் படி: ஒரு சபையையும் ஒரு துணையையும் தேடுங்கள்

தனியாகவே இதைச் செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மலையில் எலியாவின் குறை, நான் ஒருவன் மாத்திரமே மீந்திருக்கிறேன் என்பது. பாகால் என்ற அந்நிய தெய்வத்தை வணங்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதே தேவனுடைய பதில். எலிசா என்பவரை அவருக்குத் துணையாகக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறார்.

முதல்முறை ஓர் ஆலயத்துக்குப் போகும்போது பின்வரிசையில் உட்காரலாம். பாட்டுத் தெரியாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கலாம். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதை மற்றவர்களைப் பார்த்துச் செய்தால் போதும். அப்பமும் ரசமும் பகிரப்படும் திருவிருந்து அல்லது நற்கருணையில் பங்குபெறுவதற்குச் சபைக்குச் சபை விதி மாறும். முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை இருக்கையிலேயே இருப்பது யாருக்கும் தவறாகத் தெரியாது. அழுகை வந்தால் அழுங்கள். வழிபாடு முடிந்ததும் போதகரிடமோ குருவானவரிடமோ, "எனக்கு மனம் மிகவும் சோர்ந்திருக்கிறது, ஒரு நாள் தனியாகப் பேச வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி நேரம் கேளுங்கள். கூட்டத்தின் நடுவே கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை.

யாரை நம்புவது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. நல்ல துணை உங்களைப் பேசவிடுவார். உடனே காரணம் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார். மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்பார். சொன்னதை மற்றவர்களுக்கு ஜெபக் குறிப்பாகப் பரப்ப மாட்டார். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாட்கள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் சிறந்தது அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள்.

உங்கள் துன்பத்துக்கு உங்கள் பாவமோ முன்னோர் சாபமோதான் காரணம் என்று முதல் சந்திப்பிலேயே தீர்ப்புச் சொல்கிறவரிடமிருந்து விலகி வாருங்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டிச் சீஷர்கள் அதே கேள்வியைக் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). காணிக்கை கொடுத்தால் விடுதலை நிச்சயம் என்று பேரம் பேசுகிறவர்களிடமிருந்தும், குடும்பத்தையும் மருத்துவரையும் விட்டு உங்களைப் பிரிக்க முயல்கிறவர்களிடமிருந்தும் இன்னும் வேகமாக விலகுங்கள். நொந்துபோன மனிதர்களைச் சுரண்டுவது எளிது என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். ஒரு சபை சரியில்லை என்றால் இன்னொன்றுக்குப் போகலாம். அதனால் தேவனை விட்டுப் போனதாக ஆகாது.

ஏழாம் படி: ஜெபமே வராத நாட்களுக்கு

அப்படிப்பட்ட நாட்கள் வரும். வந்தால், சுவிசேஷத்தில் வரி வசூலிப்பவன் ஆலயத்தில் தூரத்தில் நின்று சொன்ன ஒரு வரி போதும்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" (லூக்கா 18:13). அதுவும் முடியாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருங்கள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாத நம்முடைய பலவீனத்தில் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறது ரோமர் 8:26. உங்களுக்காக ஜெபிக்கும்படி இன்னொருவரிடம் கேட்டுவிட்டு நீங்கள் தூங்கப்போவதும் இந்த விசுவாசத்தில் அனுமதிக்கப்பட்டதே. நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரன் தன் வாயால் ஒன்றும் கேட்டதாக மாற்கு எழுதவில்லை.

எல்லாவற்றையும் செய்தும் உள்ளே வெறுமை நீங்காமல் இருக்கலாம். அன்னை தெரசா 1997-இல் மறைந்த பிறகு, 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களில், பல பத்தாண்டுகளாகத் தேவனுடைய பிரசன்னத்தை உள்ளத்தில் உணர முடியாமல் இருளில் இருந்ததாக அவரே எழுதியிருந்தது தெரியவந்தது. அந்த ஆண்டுகளில்தான் அவர் இறந்துகொண்டிருந்தவர்களைத் தொட்டுத் தூக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் பல்லாயிரம் பேருக்குப் பிரசங்கித்த சார்ல்ஸ் ஸ்பர்ஜன் வாழ்நாள் முழுவதும் கடுமையான மனச்சோர்வோடு போராடினார். அதைப் பிரசங்கங்களிலேயே வெளிப்படையாகப் பேசினார். 1856-இல் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த அரங்கில் யாரோ தீ என்று பொய்யாகக் கூச்சலிட, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்தத் துயரத்தின் நிழல் பிற்காலத்திலும் அவரை விட்டு முழுவதுமாக நீங்கவில்லை. உணர்வு வரவில்லை என்பதை வைத்து இவர்களுடைய விசுவாசத்தை யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள். உங்களுடையதையும் அப்படி அளக்க வேண்டாம்.

இந்த நாட்களுக்கென்றே 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. பதின்மூன்றாம் சங்கீதத்தில் வருகிற திருப்பம் இதில் இல்லை; சிநேகிதரும் தோழரும் விலகிப்போனார்கள் என்று இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் முதல் வரி, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைக்கிறது. பதினெட்டு வசனங்களிலும் பேச்சு அவரைவிட்டு வேறு பக்கம் திரும்பவில்லை. வேதாகமத்தைத் தொகுத்தவர்கள் இதை நீக்கிவிடவும் இல்லை, இதற்கு மகிழ்ச்சியான முடிவு ஒன்றைச் சேர்க்கவும் இல்லை.

முடிவுகளை எடுக்க அவசரப்படாதீர்கள்

விரக்தி கனத்திருக்கும் வாரங்களில் வேலையை விடுவது, உறவை முறிப்பது, சொத்தைக் கொடுத்துவிடுவது போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிவையுங்கள். ஞானஸ்நானமும் இதில் அடங்கும். இந்த விசுவாசத்தில் தொடர வேண்டும் என்ற விருப்பம் வந்தால் போதகரிடம் சொல்லுங்கள். பெரும்பாலான சபைகள் ஞானஸ்நானத்துக்கு முன் சில வாரங்களோ மாதங்களோ கற்பிக்கும் வகுப்புகளை நடத்துகின்றன. ஆதிச்சபையிலேயே இப்படி ஆயத்தப்படுத்தும் வழக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் கேள்விகளைக் கேளுங்கள், சந்தேகங்களைச் சொல்லுங்கள், வீட்டாரிடம் பேசுங்கள். உங்களை அன்றைக்கே தண்ணீரில் இறக்கிவிடத் துடிக்கிறவரைவிட, இன்னும் கொஞ்சம் படியுங்கள், நான் இருக்கிறேன் என்கிறவரோடு சேர்ந்து நடங்கள்.